நம்பரை மட்டும் கேக்காதே

ஏனுங் தம்பி, மணிபர்ஸைப் பின்னாடி பாக்கெட்ல வெச்சுட்டா பஸ்ஸுல உக்காருவாங்க? சித்த எந்திரிங்க. எடுத்து முன்னாடி வெச்சுக்குங்க. கோவிச்சுக்காதீங்க, நீங்க படியேறும்போதே நான் பாத்துட்டனுங்க. நான் பாத்ததுனால பரவால்ல, வேற ஒருத்தன் பாத்திருந்தா? இப்பத்தான் எனக்கு நிம்மதியா உக்கார முடியுது. நீங்க சன்னலோரமாப் போயிருங்க, ஈரோடு வரைக்கும் போறவரு நீங்க. நான் சென்னிமலைல எறங்கிக்குவேன்.

என்ற பர்ஸு எங்கிருக்குதுன்னு கேளுங்க. கேக்க மாட்டீங்க, மருவாதை தெரிஞ்சவரு. நானே சொல்லிர்றேன். பனியனுக்கு உள்பக்கமா ஒரு பை தெச்சிருக்குதுங்க, இடதுபக்கம். அதுக்கு ரெண்டு ஊக்கு. அதுக்குள்ளார ஒரு பிளாஸ்டிக் கவரு. கவருக்குள்ளார, ஓட்டல்ல பரோட்டா மடிச்சுக் குடுப்பாங்கல்லொ, அந்த வெள்ளித் தாளு. அதுல சுத்தி வெச்சிருக்கறேன் பேங்குக் கார்டை. தாளு எதுக்குன்னா, இப்பெல்லாம் கார்டைத் தொடாமயே பக்கத்துல நின்னு காசை உறிஞ்சிர்றானுகளாமா. தாளு சுத்தியிருந்தா உறிஞ்ச முடியாதாமா. இதையெல்லாம் யாருகிட்டயும் சொல்லீராதீங்க. உங்களைப் பாத்தா நல்லவராட்டத் தெரியுது, அதனால சொல்றேன்.

என்ற பேரு சென்னியப்பனுங்க. தாராபுரம். கருவூலத்துல முப்பத்தியோரு வருசம் வேலை. கருவூலம்னா கவருமெண்டோட பொட்டி, அவ்வளவுதான். அங்க ஸ்ட்ராங் ரூம்னு ஒரு அறை உண்டு. ஸ்டாம்பு பேப்பரு, கோர்ட்டுல சீல் வெச்சுக் குடுத்த நகைப் பொட்டி, எல்லாம் அதுக்குள்ளார. அந்தக் கதவுக்கு ரெண்டு பூட்டுங்க. ரெண்டுக்கும் வேற வேற சாவி. ஒண்ணு ஆபீசருகிட்ட, இன்னொண்ணு எங்கிட்ட. ஆபீசரு மட்டும் வந்தாலும் தொறக்காது, நான் மட்டும் போனாலும் தொறக்காது. ரெண்டு பேரும் ஒண்ணா நின்னாத்தான் தொறக்கும். ரெட்டைப் பூட்டுன்னு பேரு. வெள்ளைக்காரன் போட்ட ரூலுங்க.

அந்தச் சாவி என்ற அரைஞாண்கயித்துலயே கெடக்கும். குளிக்கறப்பக்கூட அவுக்க மாட்டேன். கலியாணமான புதுசுல ஊட்டுக்காரி, வசந்தாமணின்னு பேரு, அது என்ன சாவின்னு கேட்டா. கவருமெண்டுச் சாவின்னேன். அதுக்குமேல அவளும் கேக்கல, நானும் சொல்லல. அப்பிடியே ஓடிருச்சுங்க காலம்.

ரிட்டேடு ஆனேன். சாவியை ஒப்படைச்சேன். இடுப்பு லேசாயிருச்சுங்க தம்பி, மூணு மாசம் நடக்கவே ஒரு மாதிரி இருந்துது. அப்பத்தான் இந்தச் சிப்புக் கார்டு வந்துது.

பேங்குல பென்சன்காரங்களுக்குன்னு ஒரு கூட்டம் போட்டாங்க, கலியாண மண்டபத்துல. மிச்சரு, காப்பி. மேனேஜரு ஒரு பொம்பளைப் புள்ள, சின்ன வயசு, ஆனா வெவரம். பழைய கார்டையும் புதுக் கார்டையும் ரெண்டு கையில புடிச்சுக்கிட்டுச் சொல்லுச்சு. ‘பழசுல பின்னாடி கறுப்புப் பட்டை இருக்குதுங்களா, அதை ஒரு மிசின்ல தேச்சா அப்பிடியே இன்னொரு கார்டு பண்ணிருவாங்க. உங்க கார்டு உங்க சட்டையில இருக்கும், பணம் மட்டும் போயிரும். புதுசுல இந்தச் சிப் இருக்கு. மிசின் ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு கேள்வி கேக்கும், சிப் புதுசா ஒரு பதில் சொல்லும். நேத்துச் சொன்ன பதிலைத் திருடிட்டு வந்து இன்னைக்குச் சொன்னா மிசின் ஏத்துக்காது. அதுக்கு மேல உங்க நம்பரும் வேணும்’னுச்சு.

நான் எந்திரிச்சு நின்னுட்டனுங்க. ‘அம்மிணி, இது எங்க ரெட்டைப் பூட்டு. கார்டு ஒரு சாவி, நம்பரு ஒரு சாவி’ன்னேன். அந்தப் புள்ள, ‘ஐயா ரொம்பக் கரெக்டாச் சொல்லிட்டாரு, எல்லாரும் கை தட்டுங்க’ன்னுச்சு. தட்டுனாங்க. அன்னைக்கு ராத்திரி நான் சோறு உங்கலீங்க, வவுறு அப்பிடி நெறைஞ்சு கெடந்துது.

கடைசியா ஒண்ணு சொல்லுச்சு பாருங்க. ‘நம்பரை யாருகிட்டயும் சொல்லாதீங்க. பேங்குல இருந்து பேசறேன்னாலும் சொல்லாதீங்க. வீட்டுல இருக்கறவங்ககிட்டக்கூடச் சொல்லாதீங்க’. அறுவது பேரு கேட்டாங்க. மத்தவனுக்கெல்லாம் மிச்சர்ல கண்ணு. அந்த வார்த்தையைக் கேட்டு அப்பிடியே நடந்தவன் நான் ஒருத்தன்தானுங்க.

எப்பிடி நடந்தேன்னு சொல்றேன். பெட்ரோல் பங்குக்குப் போறமுங்களா. நம்பர் அடிக்கற மிசினை நீட்டுவாங்க. சுத்தி நாலு பேரு நிப்பான். நான் என்ன பண்ணுவேன், தோள்ல கெடக்கற துண்டை எடுத்து மிசினு மேல போட்டுருவேன். ஒரு ஈ எட்டிப் பாக்க முடியாது. ஆனா துண்டைப் போட்டா எனக்கும் பொத்தான் தெரியறதில்லீங்க. அதனால பங்குல வேலை பாக்கற தங்கமணி இருக்குதுல்லொ, அது துண்டுக்குள்ளார கையை உடும், நான் ஒவ்வொரு நம்பராச் சொல்லுவேன், அது அமுத்தும். யாரும் பாக்க முடியாதுங்க.

என்னுங்க தம்பி, சிரிக்கறீங்க? இருமலுங்களா. தண்ணி குடிங்க.

அப்புறம் பொங்கியண்ணன் மெஸ்ஸு. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல, மத்தியானம் சாப்பாடு நல்லாருக்கும். வாரத்துல நாலு நாளு அங்கதான். அவன் கல்லாவுல உக்காந்திருப்பான், நான் கடைசி டேபிள்ல. சோத்துல கை இருக்கறப்போ எந்திரிச்சுப் போயி மிசின்ல கை வெக்க முடியுங்களா? இடது கைல அடிச்சா நல்லாவா இருக்கும், லச்சுமி சமாச்சாரம். அதனால கார்டைக் குடுத்தனுப்பிட்டு, இருந்த எடத்துல இருந்தே நம்பரைச் சொல்லிருவேன். மெஸ்ஸுல ஒரே எரைச்சலுங்க, கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லோணும். வர வரச் சொல்ல வேண்டியதே இல்லாமப் போச்சு. பொங்கியண்ணனே அடிச்சுக்குவான். நல்ல ஞாபகசக்தி அவனுக்கு.

உங்க மூஞ்சி போற போக்கைப் பாத்தா நீங்க என்ன நெனைக்கறீங்கன்னு தெரியுது. ரூலு படி பாருங்க. அவங்கிட்ட நம்பர் இருக்குது, கார்டு இருக்குதுங்களா? கார்டு எங்கிட்ட, பனியனுக்குள்ளார. ஒத்தைச் சாவியை வெச்சுக்கிட்டு அவன் என்ன பண்ணுவான்? அவனாட்ட நூறு பேரு நம்பரை வெச்சிருந்தாலும் கதவு தொறக்காது. ஆனா ஊட்டுல பாருங்க. கார்டும் ஊட்டுல இருக்குது, அவளும் ஊட்டுல இருக்கறா. நம்பரையும் சொல்லிட்டா ரெண்டு சாவியும் ஒரே கூரைக்கடியில வந்துருதுங்க. அதுதான் ஆபத்து. கருவூலத்துல அதுக்கு சஸ்பென்சனே உண்டு.

அவளைத் திருடின்னு நான் சொல்லலீங்க. சேச்சே. முப்பத்தஞ்சு வருசமா ஜாக்கெட்டுத் தெச்சுச் சம்பாரிக்கறவ. அந்தப் பணத்தையும் நாந்தான் இந்தக் கணக்குலயே பத்திரமாப் போட்டு வெச்சிருக்கறேன். இந்தப் பனியன் பையைத் தெச்சவளே அவதானுங்க. தெச்சுக் குடுத்துட்டு, ‘இதுல வெக்கறதோட நம்பரு எனக்கும் தெரிஞ்சா நல்லதுதானுங்க, நாளைக்கு ஒரு அவசரம்னா’ன்னா. ‘நம்பரை மட்டும் கேக்காதே’ன்னேன். இன்னொரு வருசமும் கேட்டா. அதையேதான் சொன்னேன். பொறவு கேக்கல. புரிஞ்சுக்கிட்டான்னு நெனைச்சேன்.

காங்கயம் வந்துருச்சுங்களா? பத்து நிமிசம் நிப்பான். டீ வேணுமுங்களா? வேண்டாம்னா எனக்கும் வேண்டாம். எறங்குனா சீட்டுப் போயிரும்.

இந்த ஐப்பசியில எனக்கு வவுத்து வலி வந்துதுங்க. சாதாரண வலி இல்ல, சுருண்டு படுத்துட்டேன். கோயமுத்தூர்ல பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போனாங்க. பித்தப்பையில கல்லு, உடனே எடுக்கோணும்னாங்க. பச்சைத் துணியைக் கட்டி உட்டு, நகை, பூணூலு, அரைஞாண்கயிறு எது இருந்தாலும் கழட்டிக் குடுங்கன்னுச்சு நர்ஸு. பனியனையும் கழட்டச் சொல்லிருச்சு. வேற வழியில்ல, கார்டை எடுத்து வசந்தாமணி கையில குடுத்தனுங்க.

அவ கையில வாங்கிக்கிட்டு, ‘நம்பரைச் சொல்லுங்க, கீழ முன்பணம் கட்டோணுமாமா’ன்னா. சக்கர வண்டியில படுத்திருக்கறேன். வலி உசுரு போகுது. அப்பவும் பாருங்க தம்பி, எனக்கு அந்த மேனேஜரு புள்ள சொன்னது ஞாபகம் வந்துது. ‘நான் வெளிய வந்து அடிச்சுக்கறேன்’னேன். வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. அந்த வலியிலயும் நம்பர் வாயில வரலீங்க. இதை நான் பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன்னு வெச்சுக்குங்க.

அதுக்கப்புறம் நடந்தது எனக்குத் தெரியாது, மயக்கத்துல இருந்தேன். அவ சொல்லியும் பொங்கியண்ணன் சொல்லியும் தெரிஞ்சுக்கிட்டதுதான். கீழ கவுண்டர்ல நின்னுக்கிட்டு எங்க கலியாண நாளை அடிச்சிருக்கறா. தப்புன்னு வந்துது. கட்டிக் குடுத்த எங்க மக பொறந்த நாளை அடிச்சிருக்கறா. தப்பு. கவுண்டர்ல இருந்தவரு, ‘இன்னொரு தடவை தப்பா அடிச்சா கார்டு லாக் ஆயிரும்மா, யோசிச்சு அடிங்க’ன்னாராமா. பின்னால வரிசை நிக்குது. ‘புருசன் நம்பரு தெரியாதாம்மா உங்களுக்கு’ன்னு ஒருத்தி கேட்டிருக்கறா. இவ ஓரமா வந்து, கடன் கேக்கலாம்னு பொங்கியண்ணனுக்குப் போன் போட்டிருக்கறா.

அவன், ‘ஏனுங்க்கா, கடன் எதுக்குங்க்கா? கார்டு உங்க கையிலதான இருக்குது? அண்ணன் நம்பரு நாலு எட்டு ரெண்டு ரெண்டு. போயி அடிங்க’ன்னுட்டான்.

அடிச்சா. போயிருச்சு. எனக்கு ஆப்பரேசன் நடந்துது, பொழைச்சேன். நல்ல சங்கதிதானுங்களே? இதுல கோவிக்கறதுக்கு என்ன இருக்குது? நம்பரை இப்ப உங்ககிட்டச் சொன்னது தப்பில்லீங்க, அது பழசு, மாத்தியாச்சு.

ஆனா அந்த நம்பரு என்னன்னு அவளுக்குத் தெரிஞ்சிருச்சு. அது என்ற மொபெட்டோட நம்பருங்க. நான் வேணும்னு வெக்கல. பொறந்த நாளு, கலியாண நாளு வெக்காதீங்கன்னு பேங்குல சொன்னாங்க. நான் ரூலைப் பாத்தேன். அவ மொபெட்டைப் பாத்துட்டா.

ஆஸ்பத்திரியில பத்து நாளும் ஒரு வார்த்தை கேக்கலீங்க. கஞ்சி வெச்சுக் குடுத்தா, மாத்திரை குடுத்தா, கையைப் புடிச்சு நடக்க வெச்சா. தையல் பிரிச்சு ஊட்டுக்கு வந்தோம். என்னைக் கட்டில்ல உக்கார வெச்சுட்டு, பையை எடுத்துட்டு வந்து வாசல்ல வெச்சா. ‘எங்க பொறப்பட்டே’ன்னேன். ‘ரெட்டைப் பூட்டுன்னா ரெண்டு சாவி ரெண்டு பேருகிட்ட இருக்கோணும்னு நீங்கதான ஊரெல்லாம் சொல்றீங்க. இந்த ஊட்டுல ரெண்டும் உங்ககிட்டயே இருக்குது. அப்ப நான் யாருங்க? உள்ள வெச்சுப் பூட்டியிருக்கற ஸ்டாம்பு பேப்பருங்களா?’ன்னு கேட்டா. சத்தமே போடல. சத்தம் போட்டிருந்தா நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

‘ஊருக்கே தெரிஞ்ச நம்பரு எனக்கு வேண்டாம். யாருக்குமே தெரியாத ஒரு நம்பரை எனக்கு முதல்ல சொல்லுங்க. அன்னைக்கு வர்றேன்’னுட்டு சென்னிமலையில அவ தம்பி ஊட்டுக்குப் போயிட்டா. இன்னையோட அஞ்சு வாரமுங்க.

அஞ்சு வாரமா எப்பிடி இருக்கறேன்னு கேளுங்க. எண்ணெய் ஆகாதுன்னு டாக்டரு சொல்லியிருக்கறாரு, பொங்கியண்ணன் எண்ணெயில்லாம ஒண்ணும் பண்ண மாட்டான். சாயங்காலமானா அந்தத் தையல் மிசினு சத்தம் இல்லாம ஊடு ஊடா இல்லீங்க. முப்பத்தஞ்சு வருசம் அந்தச் சத்தம் தொந்தரவுன்னு திட்டிக்கிட்டு இருந்தவன் நான். நேத்தைக்கு முந்தாநேத்து அந்த மிசினு கிட்டப் போயி உக்காந்துட்டேன். அழுதுட்டனுங்க தம்பி, பொய் சொல்லி என்ன ஆகப் போகுது. தூசி படிஞ்சு கெடந்துது. தொடச்சேன். தொடைக்கறப்பத்தான் பித்தளைத் தகட்டுல நம்பரு தெரிஞ்சுது. நீளமான நம்பரு. கடைசி நாலு போதும்னு தோணுச்சு. கலியாணத்துக்கு அவ கொண்டாந்த மிசினுங்க அது. மொபெட்டை விட இது மேலுதானுங்க?

உடனே ஏ.டி.எம்முக்குப் போயி நம்பரை மாத்திட்டேன். இந்தத் தடவை யாருக்கும் தெரியக் கூடாதுன்னு தங்கமணிகிட்டப் போகல, பொங்கியண்ணன்கிட்டப் போகல. வாட்ச்மேனை மட்டும் உள்ள கூப்பிட்டுக்கிட்டேன், கண்ணாடியை ஊட்டுல மறந்து வெச்சுட்டேன் பாருங்க. அவரு கண்ணை மூடிக்கிட்டுத்தான் அமுத்துனாரு, பாதி நம்பரை.

எழுதி வெக்கக் கூடாதுங்கல்லொ, அதனால தாராபுரத்துல இருந்து வாயிலயே சொல்லிக்கிட்டு வர்றேன். உங்ககிட்டப் பேச்சுக் குடுத்து எங்கியோ போயிட்டேன். இருங்க. ஆறு. மூணு. ஒண்ணு. ஏழு. நீங்க வெளியூரு, ஈரோடு போறவரு, கேட்டாலும் தப்பில்ல. என்னது, கேக்கலையா? இந்தப் பஸ்ஸுல பாட்டை என்னத்துக்கு இப்பிடிப் போடறான்? கண்டக்டரே, சவுண்டைச் சித்தக் கொறைங்க. ஆறு, மூணு, ஒண்ணு, ஏழுங்க. ஆமாங்க, ஏழு. முன்சீட்டு அம்மிணி, நீங்க ஏனுங்க திரும்பறீங்க, இது எங்களுக்குள்ள.

நீங்களும் ஒருக்கா சொல்லுங்க, சரியான்னு பாக்கறேன். சத்தமாச் சொல்லுங்க. சரிங்க. கரெக்டு.

மலை தெரியுது பாருங்க. எனக்குக் கை கால் ஓடலீங்க. பொண்ணு பாக்கப் போனப்போகூட இப்பிடி இல்ல. இன்னைக்கு வர்றேன்னு மச்சானுக்குப் போன் பண்ணிட்டேன், ஸ்டாப்புக்குக் கூட்டிட்டு வர்றேன்னாரு. வருவாளோ மாட்டாளோ. வந்தா அவ காதுல மட்டும் சொல்லோணும். வசந்தாமணி, இது உனக்கும் எனக்கும் மட்டும்தான், ஒலகத்துல வேற ஒருத்தருக்கும் தெரியாதுன்னு. நல்லாருக்குதுங்களா? சரி, நிப்பாட்டிட்டான். அதா, அந்த நீலப் பொடவை. வந்துட்டாளுங்க தம்பி. வர்றேனுங்க. பர்ஸு பத்திரம்.

ஏ வசந்தாமணி. எளைச்சுட்டே. சரி சரி, நீ எதுவும் பேச வேண்டாம், நான் சொல்றதை மட்டும் கேளு. காதைக் கொண்டா. வேற ஒருத்தருக்கும் தெரியாது. உன்ற மிசினு மேல இருக்கற நம்பரு. ஆறு. மூணு. ஒண்ணு. அப்புறம்... இரு. அப்புறம்...

ஏனுங் தம்பி, சன்னலோரத்துத் தம்பி! கடைசி நம்பரு என்னுங்க? ரெண்டா, ஏழா?

ஏழு. எல்லாரும் ஏழுன்னே சொல்றாங்க. முன்சீட்டு அம்மிணியும் ஏழுங்குது, கண்டக்டரும் ஏழுங்கறாரு, டிரைவரு கூட ஏழு வெரலைக் காட்டறாரு. ஏழுதானாமா வசந்தாமணி.

ஏன் இப்பிடிப் பாக்கறே? ஏ மச்சான், நீங்க ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டீங்க? வசந்தாமணி, நீ அழுகறயா, சிரிக்கறயா? பொடவையை வாயில இருந்து எடு, தெரிய மாட்டேங்குது. என்ன கையை நீட்டறே? கார்டையா? இப்பவா, பஸ்ஸுல அத்தனை பேரு பாக்கறாங்க. சரி, இரு, ஊக்கைக் கழட்டறேன்.

தம்பி, பாத்தீங்களா, வாங்கி அவ கைப்பையில போட்டு ஜிப்பை இழுத்துட்டாளுங்க. வெள்ளித் தாளைக் கசக்கி எறிஞ்சுட்டா. நம்பரு ஊருக்கே இருக்கட்டுமாமா, கார்டு இனி அவகிட்ட இருக்குமாமா. ரூலு படி நான் ஒண்ணும் சொல்ல முடியலீங்க. கார்டு அவகிட்ட, நம்பரு உங்ககிட்ட, எங்கிட்ட இப்ப ஒண்ணுமே இல்ல. ஆனா அங்க பாருங்க, மச்சான் ஊட்டுக்குக் கொண்டு போன பையை அவளே கையில எடுத்துட்டா. கண்டக்டரே, தாராபுரம் பஸ்ஸு எந்தப் பக்கம் நிக்குமுங்க?